கொல்லைக்கு வரும் காயம்பட்ட மயில்



குடுமியான்மலைப் பக்கம் மயில் புதுசு இல்லை. விராலிமலையோ மயிலுக்கே பேர் போன ஊர். விதைத்த கடலையை அது கொத்தினால் நமக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். ஆனால், காயம்பட்ட மயில் ஒன்று உங்கள் கொல்லையில் வந்து ஒதுங்கினால் என்ன செய்வீர்கள்?

முதலில் நாயைக் கட்டுங்கள். எட்ட நின்று பாருங்கள். கால் நொண்டுகிறதா, இறக்கை தொங்குகிறதா? காயமே இல்லாமல் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தள்ளாடினால், மருந்து கலந்த விதையைத் தின்றிருக்கலாம். அந்த விதையை வரப்பில் சிந்தாதீர்கள். உங்கள் கோழியும் அதைத்தானே பொறுக்கும்!

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பெரிய பஞ்சாரத்தைக் கவிழ்த்துச் சாக்கைப் போடுங்கள். இருட்டில் பறவை அடங்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

நரி, கீரி சங்கதி வேறு. பட்டப்பகலில் பயமில்லாமல் ஆளை நோக்கி வந்தால், வெறிநோய் என்றே எண்ணி விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்து நாளைக் கடத்தாதீர்கள். நோய் கண்டபின் பிழைப்பது அரிது.

அடி விழுமே என்று பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. அதட்டாமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உயிரைக் காக்கும்.