புத்தி பேதலித்தவரின் குற்றம் யார் பொறுப்பு?

 

புத்தி பேதலித்த நிலையில் கொலை செய்தவருக்கு ஷரீஅத்தில் கிஸாஸ் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் இறந்தவரின் இரத்தம் வீணாவதில்லை. பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் தீர்ப்புப்படி, ஈட்டுத்தொகையாகிய தியத் அவருடைய உறவினர் மீது விழுகிறது. இந்த மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம்.

நாட்டின் சட்டமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவே, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 22ஆம் பிரிவாக உள்ளது. நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. செயல் நிகழ்ந்த அந்த நேரத்தில், தாம் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாதவராக இருந்திருக்க வேண்டும். குஜராத்தில் மனைவியைக் கொன்ற ஒருவரின் வழக்கில் 1964இல் உச்சநீதிமன்றம் இதனையே வலியுறுத்தித் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதமும் ஆராயப்பட வேண்டும் என்றது. நிரூபிக்கும் பொறுப்போ குற்றம் சாட்டப்பட்டவரைச் சார்ந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி வைத்தியம் பார்த்த சீட்டு ஒன்றுகூட இல்லாத குடும்பம் நீதிமன்றத்தில் எதைக் காட்டும்? வெட்கப்பட்டு மறைத்த நோய்க்குச் சாட்சி யார்?

(மனநோயாளர் எல்லோரும் வன்முறையாளர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.)

சங்கிலியும் பரிகாரமன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

ஆகவே மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ சென்றுவரப் பயணச் செலவுக்கு இயலாதவர்கள் எம்மிடம் தனியே சொல்லலாம்.