இழையும் சொல்லும்



துணி வாங்குபவர் அதை விரலிடை வைத்துத் தேய்த்துப் பார்ப்பது எதற்காக? நிறத்தைக் கண்ணே காட்டிவிடும். இழை நெருங்கிக் கிடக்கின்றதா நெகிழ்ந்துள்ளதா, நொய்தா பருக்கனா என்பதையே விரல் தேடுகின்றது. அவ்விழைக் கிடக்கையை ஆங்கிலர் 'டெக்சுச்சர்' என்பர்.

இலத்தீனத்தில் 'தெக்சரே' என்பது நெய்தல். 'தெக்சுதூரா' என்பது நெசவு. 15 ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்தபோதும் அச்சொல் நெசவையே குறித்தது. பின்னரே மண், மரம், கல், ஓவியம், இசை எனப் பிறவற்றின் அமைப்புக்கும் பரந்தது. எழுதப்பட்ட உரையைச் சுட்டும் 'டெக்சுட்டு' என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. 1 ஆம் நூற்றாண்டிலேயே உரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன், சொற்கள் இணைந்து அமைவதை நெசவுச் சொல்லால் குறித்தார்.

'திசு' என்பதும் இக்குடிச்சொல்லே. பழம் பிரெஞ்சில் அதன் பொருள் 'நெய்யப்பட்டது' என்பது. 1801 இல் பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிசா, உடலுறுப்புகள் 21 வகைத் திசுக்களால் ஆனவை என்று வகுத்துரைத்தார்.

இனி, தமிழைப் பாருங்கள். நூற்கப்படுவதும் நூல், கற்கப்படுவதும் நூல். பனுவல் என்னும் சொல் பஞ்சையும் குறிக்கும், நூலையும் குறிக்கும். நூல் நூற்றலையும் நூல் யாத்தலையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றது பவணந்தியாரின் நன்னூல். தொல்காப்பியமோ செய்யுள் வனப்பு எட்டனுள் ஒன்றுக்கு 'இழைபு' என்றே பெயரிட்டது. ஒற்றோடு சேர்ந்த வல்லெழுத்துப் பயிலாமல் ஓசை இழைந்து செல்லும் வனப்பு அது.

இதனாலேயே இலத்தீனச் சொல் தமிழினின்று பிறந்தது எனக் கூறுதல் தகாது. பொருள் ஒத்தமையால் வேர் ஒன்றாகிவிடாது. அத்தகைய பொய்ப் பெருமை தமிழுக்குத் தேவையும் இல்லை. நெசவறிந்த இருவேறு மக்கள் தத்தம் தறியினின்றே சொல்லெடுத்தனர் என்பதே உண்மை. அதுவே நமக்குப் போதிய பெருமை.

ஈழத் தமிழர் தம் பாடநூல்களில் 'இழையம்' என்று எழுதினர். தமிழ்நாட்டுப் பாடநூல்களோ 'திசு' என்றே எழுதி வந்தன. 'திசு' என்று படிக்கும் தமிழ் மாணவனுக்கு அது வெறும் ஓசை. பிரெஞ்சு மாணவனுக்கோ அதில் துணி தெரிகின்றது. 'இழையம்' என்றால் நம் மாணவனுக்கும் இழை தெரியும்; உயிரணுக்கள் ஒன்றோடொன்று இழைந்து கிடப்பது சொல்லிலேயே விளங்கும். அவ்வாறே 'டெக்சுச்சர்' என்பதற்கு 'இழையமைப்பு' என்போம். செய்யுளோசைக்கு 'இழைபு' இருக்கவே இருக்கின்றது.

சொல் என்பது பொருளைக் காட்டும் விளக்கு. வீட்டில் விளக்கிருக்க, மாணவனை இருளில் அமர்த்துவது முறையாகுமா? எண்ணிப் பாருங்கள்!