பெயர் தாங்கும் போர்வை

(பட்டர்வொர்த், மாக் மண்டினில் நடைபெற்ற மகளிர் தையல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பணியை நீங்கள் முடித்துவிட்டீர்கள். இணைத்த மேல்துணிகள் இம்மண்டபத்து மேசைகளின் மீது விரிந்து கிடக்கின்றன. பழைய சேலை, பாத்திக் துணி, கைலி, பள்ளிச் சீருடை என்று பல இல்லங்களின் துணிகள் அவற்றில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. இவற்றுள் சில உங்கள் வீட்டிலேயே தங்கும். சில, ஜூலை 31ஆம் நாள் வீரர் தினத்தையொட்டி, இவ்வட்டாரத்தில் வாழும் முன்னாள் படைவீரர்களுக்கு அன்பளிப்பாகச் செல்லவிருக்கின்றன. இந்நிலையில், போர்வையை முடிக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். தொடங்கிய போர்வைகள் பல. முறையாக முடித்தவை சில என்பதே எங்கள் அனுபவம்.

நமக்குப் புதியதன்று

ஒட்டுப் போர்வை மேலைநாட்டார் கலை என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார், நைந்துபோன சேலைகளை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பாக்கினர். விடியற்காலைப் பேரட்டுக்குச் செல்லுமுன், குழந்தையை அதில் சுற்றிப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுச் சென்றனர். வங்காளத்தில் இத்தகைய தையலுக்குக் கந்தா என்று பெயர். நம் ‘கந்தை’ என்னும் சொல்லுக்கு அது உறவுடையது. பீகாரில் சுஜனி என்றும், கருநாடகத்தின் சித்தி இனப் பெண்களிடையே கவந்தி என்றும் அது வழங்கும். நம் நாட்டு மலாய்த் தாய்மார்களும் ‘காயின் பெர்ச்சா’ என்னும் வெட்டுத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பதுண்டு.

மாக் மண்டினில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. அதன் பின்னர், தோட்டங்களை விட்டு ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள் பல. லயத்தில் கற்ற கைத்தொழில் வீடு மாறியபோது விட்டுப்போயிற்று. அதனை மீண்டும் கையில் எடுத்திருக்கும் உங்களைப் பாராட்டுகிறோம்.

சாங்கிச் சிறையில் தைத்தவை

போர்வைக்கும் போர்வீரர்க்கும் உள்ள தொடர்பை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களின் கணவன்மாரும் தந்தைமாரும் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். உயிரோடிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பவும் வழியில்லை.

அப்போது எத்தல் மல்வேனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஓர் உபாயம் கண்டார். மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்ற வீரர்களுக்குப் போர்வை தைத்துத் தர இசைவு கேட்பது என்பதே அது. விரும்பிய பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சதுர வெள்ளைத் துணி வழங்கப்பட்டது. தம்மைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றை அதில் பூத்தையலால் தைத்து, தம் பெயரையும் இடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஒருத்தி மலர் தைத்தாள். ஒருத்தி தன் வீட்டைத் தைத்தாள். ஒருத்தி சிறை அறையைத் தைத்தாள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள் சேர்ந்தன. பிரிட்டிஷ் வீரர்க்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்க்கு ஒன்று. அதிகாரிகள் மறுக்காதிருக்கும் பொருட்டு ஜப்பானிய வீரர்க்கும் ஒன்று. போர்வை மருத்துவமனையை அடைந்தபோது, அதில் தைத்திருந்த பெயர்கள் செய்தியாயின. இன்னாள் இன்னும் உயிரோடிருக்கிறாள் என்பதை அறிய ஆண்களுக்கு அது ஒரு வழியாயிற்று.

அதே சிறையிலிருந்த சாரணச் சிறுமிகள், தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸ் அவர்களின் பிறந்த நாளுக்கென மறைவாக ஒரு போர்வை தைத்தனர். கிடைத்த கந்தல்களை அறுகோணமாக வெட்டி, மலர்போல் இணைத்து, நடுவில் தங்கள் பெயர்களையும் தைத்தனர். அது இன்று இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் போர்வை அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. அத்தனை பெயர்களையும் இன்றும் படிக்கலாம்.

இவ்விடத்தில் நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டுகளில், நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மடிந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மடிந்த நம் உறவினருள் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. போனவர் பெயரை எவரும் எழுதி வைக்காததால், பேரப்பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவது என்று அறியாமல் நிற்கின்றனர். பெயரை எழுதி வைத்தல் சிறு செயலன்று என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

எங்களுக்குக் கிடைத்த பாடம்

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். முன்பு ஒருமுறை, அவசரகாலத்தில் பணியாற்றிய முதிய வீரர் ஒருவருக்கு நாங்கள் ஒரு போர்வை அளித்தோம். அவர் பெயரை ஒரு சீட்டுத் துணியில் மையால் எழுதிப் பின்புறம் தைத்திருந்தோம். சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவியார் அப்போர்வையை எடுத்து வந்தார். ஓரம் பிரிந்திருந்தது, சிவப்புத் துணியின் சாயம் அருகிலிருந்த வெள்ளைச் சதுரங்களில் இறங்கியிருந்தது. அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீட்டை மட்டும் திருப்பிக் காட்டினார். மை கரைந்து போயிருந்தது.

“போர்வை நன்றாகத்தான் இருக்கிறதம்மா. அவருடைய பெயரைத்தான் காணோம். தினமும் எடுத்துத் தடவிப் பார்ப்பார்” என்றார்.

அன்றே பெயரை நூலால் தைத்துக் கொடுத்தோம். அதன் பின்னரே, முடிக்கும் வேலையில் நாங்கள் காட்டிய அவசரம் எங்களுக்கு விளங்கிற்று.

முடிக்கும் முறை

முதலாவது, சாயம். துணியைத் தைப்பதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும். பருத்தி முதற் சலவையில் சுருங்கும். சிவப்பு, கருநீலம், பாத்திக் ஆகியவற்றை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்துணியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. முதியவர் மடியில் விரித்துக்கொள்ள 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் போதும். ஆறு அங்குலச் சதுரங்களாயின் 48 சதுரங்கள் வேண்டும். ஓரங்களில் கால் அங்குலம் தையலுக்குப் போகுமாதலால், ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். பன்னிரண்டு பேர் கூடினால் ஆளுக்கு நான்கு சதுரங்களே வரும்.

மூன்றாவது, நடுத்துணி. நம் வெப்பத்திற்குத் தடித்த பஞ்சு ஆகாது. இலவம் பஞ்சு தலையணைக்கு ஏற்றது. போர்வையில் வைத்தால் முதற் சலவையிலேயே கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். மெல்லிய பருத்திப் போர்வையோ, நன்கு துவைத்த பழஞ்சேலையோ நடுவில் வைப்பது சிறந்தது. மழைக்கால விடியலில் முழங்கால் வலிக்கும் முதியவருக்கு அவ்வெதுவெதுப்பே போதும்.

நான்காவது, அடுக்கித் தைத்தல். அடித்துணியை மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுத்துணியையும் மேல்துணியையும் அதன்மீது வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கைச்சாண் இடைவெளியில் தற்காலிகத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிவிடும். பின்னர் ஓட்டுத்தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். நூல்முடிச்சைச் சற்றே இழுத்தால் அது மேல்துணிக்குள் புகுந்து மறைந்துகொள்ளும்.

ஐந்தாவது, ஓரப்பட்டை. போர்வை முதலில் பிரிவது ஓரத்தில்தான். இரண்டரை அங்குல அகலப் பட்டைகளை இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். நாம் கூறிய அளவுக்குச் சுற்றளவு 168 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 180 அங்குலம், அதாவது ஐந்து கெஜம் பட்டை வேண்டும். முன்புறம் கால் அங்குலம் உள்ளே தைத்து, பட்டையைப் பின்புறம் திருப்பி, தையல் வெளியே தெரியாதவாறு கையால் நெருக்கமாகத் தையுங்கள். மூலைகளைச் சாய்வாக மடித்து, அம்மடிப்பையும் தைத்துவிடுங்கள்.

ஆறாவதாக, பெயர். மையை நம்ப வேண்டா. சாயம் போகாத நூலால், பின்தையலோ சங்கிலித் தையலோ இடுங்கள். பெறுபவர் பெயர், அவர் பணியாற்றிய படைப்பிரிவு, தைத்தவர் பெயர்கள், ஊர், ஆண்டு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். எழுத்துப் பிழை நேராதிருக்க, குடும்பத்தாரிடம் முன்னரே கேட்டு எழுதி வாங்குங்கள். துணிகளை அடுக்குமுன்பே இச்சீட்டை அடித்துணியில் தைத்துவிடுவது நலம். பின்னர்ப் போடும் ஓட்டுத்தையல் அதனூடேயும் செல்லும். சீட்டு போர்வையோடு ஒன்றாகிவிடும்.

இறுதியாக, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் விரித்து உலர்த்துங்கள். நம் ஈரக்காற்றில் அரைகுறையாக உலர்ந்த போர்வையை மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

காலம் கடத்த வேண்டா

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு, ஈராக்கில் போர்ப்பணியில் இருந்த தம் மகனை எண்ணி ஒரு தாய் தொடங்கிய ‘குவில்ட்ஸ் ஆப் வேலர்’ என்னும் இயக்கம், இதுவரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகளைப் படைவீரர்களுக்கு வழங்கியுள்ளது. அங்கும் பெயர்ச்சீட்டு இன்றியமையாதது. நாம் அத்தனை தைக்க வேண்டியதில்லை. நம் தெருவிலும் தாமானிலும் இருக்கும் சிலருக்குத் தைத்தால் போதும்.

ஆனால் காலம் குறுகியது. அவசரகாலம் 1948இல் தொடங்கி 1960 ஜூலை 31இல் முடிந்தது. அக்காலத்தில் இளைஞராய்த் துப்பாக்கி ஏந்தித் தோட்டங்களையும் ஊர்களையும் காத்தவர்கள், இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா இனத்தாரும் அவர்களுள் உண்டு. அவர்கள் கண்ணால் படிக்கும்போதே அவர்கள் பெயரைத் தைத்துக் கொடுப்போம். கண் மங்கியவராயின், தையலின் மேட்டை விரலால் தடவி அறிந்துகொள்ளட்டும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மரபு நம்முடையது. கந்தையை ஒட்டி, ஓரம் மடித்து, பெயரிட்டுக் கொடுப்பதும் அம்மரபைச் சேர்ந்ததே. வரும் வாரம் ஓரப்பட்டை வேலையைத் தொடங்குவோம். ஊசியோடு, பெறப்போகிறவரின் பெயரையும் திருத்தமாக எழுதிக்கொண்டு வாருங்கள்.