மிதக்கும் கலத்தைக் கைவிடேல்



கரை மறைந்த கடலில் இரவெல்லாம் முறைவைத்து விழித்துப் பாய்மரப் படகைச் செலுத்தும் போட்டி எளிதன்று. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கவ்ஸ் துறையினின்று, அயர்லாந்தை அடுத்த ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவர 303 படகுகள் புறப்பட்டன. 13ஆம் நாள் இரவு பெரும்புயல் மூண்டது. போட்டியாளர் 15 பேர் மாண்டனர்.

இனித் தாங்காதென்று எண்ணிக் கைவிடப்பட்ட படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே! ஏனையவை ஆளின்றி மிதந்தன. சிலர் நம்பி ஏறிய உயிர்காப்பு மிதவைகளோ கவிழ்ந்தும் கிழிந்தும் போயின. அவர்களைக் குறைகூறேன், அவ்விருளில் எவர்க்கும் அவ்வெண்ணமே எழும். எனினும், கலம் காலடியில் அமிழும்வரை அதனைவிட்டு இறங்கலாகாது என்பதே கடலோடிகள் அவ்விரவிற் பெற்ற பாடம். அதனை நாமும் நெஞ்சிற்கொள்வோமாக!