கணக்கேட்டின் முதல் பக்கம்
(பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை)



இன்றைய வாசகங்கள் இரண்டும் நம்மைக் கடைவீதிக்கே அழைத்துப் போகின்றன. முதல் வாசகத்தில் ஆமோஸ் இறைவாக்கினர் காட்டும் வியாபாரிகள் ஓய்வுநாளைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் அது எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி எப்போது விற்கலாம் என்பதிலேயே அவர்கள் மனம் இருக்கிறது. நற்செய்தியில் ஒரு வீட்டுப் பொறுப்பாளர், வேலை போகிறது என்று தெரிந்ததும், நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும் நூறு மூடை கோதுமையை எண்பதாகவும் கடன் சீட்டில் மாற்றி எழுதச் சொல்கிறார்.

இந்த மறையுரையை எழுத உட்கார்ந்திருந்தபோது எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் வந்தார். எம்.பி.ஏ. முடித்து, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். இதை வானொலியில் சொல்ல அவரே இசைவு தந்தார்.

அவருடைய நிறுவனத்துக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கிற சிறிய லேத் பட்டறைகள் உண்டு. முப்பது நாளில் பணம் தருவதாகப் பேச்சு. 90 நாளாகியும் பில்லை எடுக்காதே என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். "ஃபாதர், வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் இதுதான். வரவேண்டியதைச் சீக்கிரம் வாங்கு, கொடுக்கவேண்டியதை முடிந்தவரை தள்ளிப்போடு. அதை எழுதித்தான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அந்தப் பட்டறைக்காரர்களில் ஒருவர் நம்ம கோவிலில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்கார்றார். சனிக்கிழமை கூலி கொடுக்க வட்டிக்கு வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றார். பிறகு கேட்டார்: "வணிகம் படிக்கிற வகுப்பில் விசுவாசத்துக்கு ஏதாவது இடம் உண்டா?"

இடம் உண்டு என்பது மட்டுமல்ல, அது மிகவும் பழைய இடம். வணிகவியல் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், லூக்கா பச்சோலி என்ற பெயரைச் சொல்வார்கள். அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி, கணித ஆசிரியர். 1494-இல் வெனிஸ் நகரில் அவர் அச்சிட்ட பெரிய கணித நூலில், பற்று வரவு இரண்டையும் எழுதுகிற இரட்டைப் பதிவு முறையை ஒரு பகுதியில் விளக்கினார். முறை அவர் கண்டுபிடித்ததல்ல, வெனிஸ் வியாபாரிகள் முன்பே கையாண்டதுதான். அதை அச்சில் ஏற்றி எல்லாருக்கும் பாடமாக்கியவர் அவர்.

முதல் கணக்கேட்டில் திருச்சிலுவை அடையாளம் இடுங்கள், கடவுள் பெயரால் கணக்கைத் தொடங்குங்கள் என்கிறார். நம் வீடுகளிலும் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு நோட்டில் பெரியவர்கள் மேலே ஒரு சிறு சிலுவை போட்டுவிட்டுத்தானே எழுதத் தொடங்குவார்கள்? ஆனால் பச்சோலி அதோடு நிறுத்தவில்லை. வாங்குகிறவருக்குக் காட்ட ஒரு கணக்கு, விற்கிறவருக்குக் காட்ட ஒரு கணக்கு என்று இரண்டு வைத்திருப்பவர்களையும் அதே நூலில் கண்டிக்கிறார். மேலே சிலுவை இருக்கும், கீழே பொய் இருக்கும் என்பது அந்தத் துறவிக்குத் தெரிந்திருந்தது.

அந்த வேலை இன்றும் நடக்கிறது. ஹெலன் ஆல்ஃபோர்ட் என்ற தொமினிக்கன் சபைச் சகோதரியும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பேராசிரியரான மைக்கேல் நாட்டனும் சேர்ந்து 2001-இல், விசுவாசத்தை மனத்தில் வைத்து நிர்வாகம் செய்வது பற்றி ஒரு நூல் எழுதினார்கள். இலாபமும் திறமையும் அடித்தளம், அவை தாங்கவேண்டியது மனிதரின் வளர்ச்சியை என்பது அவர்கள் வாதம். அடித்தளம் இல்லாமல் வீடு நிற்காதுதான். அதற்காக யாராவது அஸ்திவாரக் குழியில் குடியிருப்பார்களா?

2012-இல் நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட அவை, தொழில் நடத்துவோரின் அழைத்தல் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பேராசிரியர்களும் தொழிலதிபர்களும் உரோமையில் கூடிப் பேசியதில் பிறந்தது அது. விசுவாசம் ஒரு பக்கம், அன்றாடத் தொழில் மறுபக்கம் என்று வாழ்வு பிளந்து கிடப்பதை அது எச்சரிக்கிறது. ஊழியருக்கு நியாயமான ஊதியம் என்பதோடு, பொருள் தந்தவருக்கும் நியாயமான விலை என்று சேர்த்தே சொல்கிறது.

இந்தத் துறைக்கென்றே ஆய்விதழ்களும் உண்டு. ஒருவர் எழுதியதை அதே துறையின் வேறு சிலர் சோதித்துத் திருத்திய பிறகே அச்சேறும். ஒன்றை மனம்திறந்து சொல்கிறேன், பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் படித்த கட்டுரைகள் சிலவற்றில் தொடக்கத்தில் ஒரு இறைவசனம், அதன்பின் எந்தப் பாடநூலிலும் இருப்பதே இருந்தது. பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை கணக்கில் சேர்ந்திருக்கும். பச்சோலி கண்டித்த இரண்டு கணக்கு இதுவும்தான். நல்ல கட்டுரை, 'கொடுக்கவேண்டியதைத் தள்ளிப்போடு' என்ற அந்த ஒரு வரியிலேயே போய் நிற்கும். தள்ளிப்போட்ட பணம் யாருடைய சமையலறையிலிருந்து வந்தது என்று கேட்கும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியர் நூல் சொல்வதை மாணவருக்குத் தேர்வுக்கு முன்பே காட்டும்.

இதில் நம் நாட்டுச் சட்டமும் பட்டறைக்காரர் பக்கம்தான். சிறு, குறுந்தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் என்னவானாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது, மீறினால் வட்டி கட்டவேண்டும். அந்தத் தம்பிக்கு இது தெரியாது. இரண்டு ஆண்டு படிப்பில் யாரும் சொல்லவில்லையாம்.

திருப்பீடக் கையேட்டின் ஆங்கிலப் பிரதியை வாங்கிப் போனவர் மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தார். நிலுவையிலுள்ள பட்டறை பில்களை நாள் வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார். நாளை திங்கட்கிழமை அதை மேலதிகாரியிடம் கொடுக்கப் போகிறார். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத வேலை, வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். கை நடுங்குகிறது ஃபாதர் என்றார்.

இன்றைய திருப்பலியில் அவருக்காகவும் அந்தப் பட்டறைக் குடும்பத்துக்காகவும் செபியுங்கள். அந்த மேலதிகாரிக்காகவும் செபியுங்கள். ஆமென்.