"வடிவு" என்று சொன்னால் போதுமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஓவியக் கண்காட்சியின் தொடக்க நாளில் ஆற்றப்பட்ட உரை)



மண்டபத்துச் சுவரிலே தொங்கும் படங்களை வரைந்தவர்கள் நாங்கள் ஏழு பேர். ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்களில் எவரும் ஓவியர் அல்லர். ஒருத்தி வங்கியில் வேலை பார்த்தவள், இரண்டு பேர் கணித ஆசிரியைகள், ஒருத்தி தாதி, மற்ற மூவரும் வெவ்வேறு காலங்களில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்க் குடும்பம் நடத்தியவர்கள். தூரிகையைப் பிடித்தது எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. எனவே ஓவியக்கலை பற்றிப் பேசும் தகுதி எமக்கில்லை. வரைந்ததை மற்றவர்களிடம் காட்டி, பிழையைக் கேட்டு, திருத்திக்கொண்ட கதையை மட்டும் சொல்ல வந்தோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் எம்மில் ஒருத்தி, கோண்டாவிலில் உள்ள தன் வீட்டுக் கிணற்றடியை நீர்வர்ணத்தில் வரைந்து, வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். அரைமணி நேரத்துக்குள் மறுமொழிகள் குவிந்தன. "வடிவு", "நல்ல வடிவு", "சூப்பர்", பூங்கொத்துகள், கைதட்டல்கள். அவளுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினோம். பனை, வேலி, கோவில் தேர், மூக்குப்பேணி என்று வாரத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் அதே பூங்கொத்து, அதே "வடிவு".

ஆறு மாதம் கழித்து, முதல் வரைந்ததையும் கடைசியாக வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எந்த வித்தியாசமும் இல்லை. பனை அப்போதும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனான குழாயாகத்தான் நின்றது. ஓலைகள் அப்போதும் ஒரே பச்சை. ஆறு மாதம் பாராட்டு வாங்கியும் நாங்கள் ஒரு படிகூட ஏறவில்லை.

அந்த வேளையில்தான் ரொறன்ரோவில் இருக்கும் தோழி ஒரு வரி எழுதினாள்: "கிணற்றின் வாயை வானத்தில் இருந்து பார்த்தமாதிரிக் கீறியிருக்கிறாய். கட்டை மட்டும் நிலத்தில் நின்று பார்த்தமாதிரிக் கீறியிருக்கிறாய். இரண்டில் எது?"

படத்தை வரைந்தவளுக்குக் கோபம் வந்தது. "அங்கே குளிருக்குள் இருப்பவளுக்கு எங்கள் கிணறு பற்றி என்ன தெரியும்?" என்று எங்களிடம் சொல்லிக் குறைப்பட்டாள். இரண்டு கிழமை தூரிகையைத் தொடவில்லை. பிறகு ஒரு காலை, யாருக்கும் சொல்லாமல், கதிரையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தாள். கிணற்றின் வாய் வட்டம் என்று எமக்குத் தெரியும். அந்த அறிவுதான் கையைப் பிடித்து வட்டமாகக் கீற வைக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்கு அது வட்டமல்ல, நீள்வட்டம். கண் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது ஒடுங்கும். ஐம்பது வருஷமாகத் தண்ணீர் அள்ளிய கிணற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று அவள் எங்களிடம் சொன்னாள். அந்த இரண்டு கிணற்றுப் படங்களும் வாசலுக்கு இடப்பக்கம் அருகருகே இருக்கின்றன. பழையதை எடுத்துவிட அவள் சம்மதிக்கவில்லை.

இது ஏதோ கைத்தொலைபேசி வந்தபின் வந்த பழக்கம் என்று முதலில் எண்ணினோம். தேடி வாசித்தபோது எங்கள் ஊருக்கே இதில் ஒரு மரபு இருப்பது தெரிந்தது. 1938ஆம் ஆண்டு, சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை அவர்கள் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். 1920இல் இலங்கைக்கு வந்து பிரதம சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய சி. எஃப். வின்சரின் பெயரைத் தாங்கிய கழகம் அது. கொழும்பில் '43 குழு' கூடுவதற்கு ஐந்து வருஷம் முந்தியே நடந்தது. பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தவர்கள் அதில் ஒன்றுகூடினார்கள், வரைந்தார்கள், கண்காட்சி வைத்தார்கள். வகுப்பறையில் தாம் சொல்வதே முடிவு என்றிருக்கும் ஆசிரியர்கள், தம் படத்தை இன்னொரு ஆசிரியருக்குப் பக்கத்தில் வைக்கத் துணிந்தார்கள் என்பதுதான் எமக்கு அதில் பெரிய விஷயமாகப் படுகிறது. பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு வரும், ஒப்பீடு வந்தால் பேச்சு வரும்.

அதன்பின் விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. அதோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்கு அவர்கள். தாம் வரைந்ததோடு நிற்காமல் ஒரு இளைய தலைமுறையையே வரையப் பழக்கியவர். வாசுகி, அருந்ததி போன்ற பெண் ஓவியர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1987இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் வெளிவந்தது. போரிலும் இடப்பெயர்விலும் அவருடைய படைப்புகளிற் பல தொலைந்தன. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். படங்கள் தொலைந்தாலும் அவர் பழக்கிய கண்கள் மிஞ்சின. ஒருவருக்கொருவர் காட்டிக் கற்பதன் பலன் இதுதான் என்று நினைக்கிறோம்.

எங்கள் குழுவிலும் தொலைந்த ஒன்றைப் பற்றிய கதை உண்டு. எம்மில் ஒருத்தியின் ஊர் மயிலிட்டி. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் போய்ப் பார்த்தபோது வீடிருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை. அவள் அந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து வரைந்து எங்களுக்கு அனுப்பினாள்.

இதற்கு என்ன சொல்வது? பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "வடிவு" என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் முழுக்கக் குழுவில் ஒருவரும் எழுதவில்லை. அடுத்த நாள் அவளே எழுதினாள்: "ஏன் பேசாமல் இருக்கிறியள்? எனக்கு ஆறுதல் வேண்டாம். இந்த வீடு கலண்டர் படம் மாதிரி இருக்குது, எங்கட வீடு மாதிரி இல்லை. எங்கே பிழைச்சது எண்டு சொல்லுங்கோ."

பள்ளிக் காலத்தில் அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருத்தி சொன்னாள், விறாந்தைத் தூண் மூன்றல்ல, நான்கு, ஒன்றில் வலை சாத்தியிருக்கும் என்று. இன்னொருத்தி சொன்னாள், முற்றம் இவ்வளவு பச்சையில்லை, வெள்ளை மணல், மத்தியானத்தில் கண்ணைக் கூசும் என்று. மூன்றாமவள், கடல் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்து வானம் மற்றப் பக்கத்தைவிட வெளிச்சமாக இருக்கும் என்றாள். அவள் ஐந்து தரம் வரைந்தாள். ஐந்தாவதைத் தன் தாயாருக்குக் காட்டினாள். எண்பத்தைந்து வயதான அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "குசினிக் கதவு இஞ்சாலை அல்லோ பிள்ளை" என்று விரலால் தொட்டுக் காட்டினாராம். ஆறாவது படம் மேடைக்கு எதிரே இருக்கிறது. குசினிக் கதவு சரியான பக்கத்தில் இருக்கிறது. அம்மா அதைப் பார்க்க இன்று இல்லை.

அன்றுதான், பிழை சொல்வதும் அக்கறைதான் என்று எங்களுக்கு விளங்கியது. "வடிவு" என்று எழுத ஒரு நொடி போதும். தூணை எண்ணிப் பார்க்க, படத்தின் முன்னால் இருக்க வேண்டும்.

ஆனால் எப்படியும் சொல்லிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எம்மில் ஒருத்தி சிறுவயதில் வேறொரு பாடசாலையில் படித்தபோது, அவளுடைய சித்திரத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. என்ன பிழை என்று சொல்லப்படவில்லை. நாற்பது வருஷம் அவள் எதுவும் வரையவில்லை. பெரிய கலைஞர்களுக்கும் இது நேர்ந்தது. 1885இல் வின்சன்ற் வான்கோ 'உருளைக்கிழங்கு உண்போர்' படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைத் தன் ஓவிய நண்பர் வான் றப்பாட்டுக்கு அனுப்பினார். கையும் உடம்பும் சரியாகப் பார்த்து வரையப்படவில்லை என்று நண்பர் கடுமையாக எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷத்தோடு நட்பும் முடிந்தது. நண்பர் சொன்னதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் எடுத்துக்கொள்ள முடியாதபடி சொன்னால் உண்மையும் திரும்பிப் போய்விடும்.

ஆகவே பட்டுத் தெளிந்து சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். தங்கைமாருக்கு உதவும் என்பதால் சொல்கிறோம்.

முதலாவது, கேட்பவர் கேள்வியோடு கேட்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "வடிவு" என்றுதான் பதில் வரும். "தேருக்கும் ஆட்களுக்கும் உள்ள உயர அளவு சரியா?" என்று கேட்டால் பதிலும் அந்த இடத்துக்கே வரும். படம் முடிந்தபிறகு காட்டுவதைவிடப் பாதியில் காட்டுவது நல்லது, திருத்த இடம் இருக்கும்.

இரண்டாவது, தொலைவில் உள்ளவருக்கு அனுப்புவதானால் படத்தை ஒழுங்காகப் பிடித்து அனுப்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத விறாந்தையில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர்முன்னால் சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். இரவில் மின்குமிழின் கீழ் எடுத்த ஒரு படத்துக்கு, "நீலம் ஏன் மஞ்சளடிக்குது?" என்று நாங்கள் ஒரு கிழமை விவாதித்தோம். பிழை மின்குமிழில் இருந்தது.

மூன்றாவது, சொல்பவர் முதலில் தான் காண்பதைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு குறை, ஒன்றே ஒன்று. எந்த இடம், ஏன் அப்படித் தெரிகிறது என்று காட்டிச் சொல்ல வேண்டும். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆளைப் பற்றி அல்ல. "உனக்குப் பனை வராது" என்பது விமர்சனமல்ல. "பனையின் அடி வேர்ப்பக்கத்தில் அகன்றிருக்கும், இதில் அகலவில்லை" என்பது விமர்சனம்.

நான்காவது, கேட்டவர் ஒரு நாள் மறுமொழி சொல்லக்கூடாது. உடனே சொல்வதெல்லாம் சாட்டாகத்தான் வரும். ஒரு நாள் கழித்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஏற்கலாம், விடலாம். நாங்கள் சொன்னவற்றிற் பாதியை ஒருவருக்கொருவர் விட்டிருக்கிறோம்.

ஐந்தாவது, மற்றவரிடம் போகமுன் தானே தன்னைத் திருத்தப் பார்க்க வேண்டும். படத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தால் சரிவுகள் உடனே தெரியும். கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் ஒளியும் நிழலும் பிரிந்திருக்கின்றனவா என்று தெரியும். சிவப்பு ஓட்டுக் கூரையும் பச்சை மாமரமும் நிறத்தில் வேறு என்று நினைத்தோம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொண்டன.

இனி எமது வேண்டுகோள். தோழிகள் உலகம் முழுக்கப் பரந்திருப்பதால் எங்களுக்குத் தொலைபேசி வேண்டியிருந்தது. இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் அல்ல. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எமது கல்லூரியின் சித்திர அறையைத் திறந்துவிடும்படி அதிபர் அவர்களையும் சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். முடிக்காத படங்களோடு பிள்ளைகளும் வரட்டும், பழைய மாணவிகளும் வரட்டும். பரிசு வேண்டாம், புள்ளி வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளை அறுபது வயதுக்காரியின் படத்தில் பிழை காட்டட்டும். தாளுக்கும் வர்ணத்துக்கும் ஆகும் செலவை எங்கள் வகுப்பு முதல் வருஷத்துக்குப் பொறுப்பேற்கிறது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்தவள் எழுதிய ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் தொங்குகின்றன. தேநீருக்குப் போகமுன் ஏதாவது ஒரு படத்தின் முன்னால் சற்று நின்று, ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். "வடிவு" என்ற சொல்லை மட்டும் இன்றைக்குத் தயவுசெய்து எழுதவேண்டாம்.