மீனுக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர்

மீன் தொட்டிப் படங்களை வெட்டிச் சீர்செய்வதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். மீனிடம் 'இப்படி நில், அப்படித் திரும்பு' என்று சொல்ல முடியாது. கிடைத்த நொடியில் எடுக்கிறோம். படத்தின் அமைப்பைப் பிறகுதான் தேடுகிறோம்.

ஓர் ஏஞ்சல் மீனை எடுத்துக்கொள்வோம். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. துடுப்புகளையும் சேர்த்தால் நீளத்தைவிட உயரம் அதிகம். பல கேமராக்கள் தருவதோ 3:2 என்ற அகலச் சட்டம். நடுவில் மீன், ஒருபக்கம் ஹீட்டர், மறுபக்கம் ஃபில்டர் குழாய். நிமிர்ந்த செவ்வகமாக வெட்டினால் குழாயும் ஹீட்டரும் போய்விடும், மீனின் உயரத்துக்கும் இடம் கிடைக்கும். மணல் மட்டம் சாய்ந்திருந்தால் அதை முதலில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போதே ஓரங்கள் கொஞ்சம் குறைந்துவிடும்.

வெட்டும்போது வால் பக்கம் சிக்கனமாக இருக்கலாம். முகத்துக்கு முன்னால் தாராளமாக இருங்கள். மீன் நீந்திப் போகத் தண்ணீர் வேண்டாமா? வயிற்றடியில் தொங்கும் மெல்லிய இழைகளின் நுனியைக் கத்தரித்துவிட்டால் படமே ஊனமாகிவிடும். சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பகுத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் கண்ணை வைக்கும் விதி நல்லதுதான். ஆனால் மீன் நேராக நம்மைப் பார்த்து நின்றால், அது நடுவில் இருப்பதே அழகு.

தாய்லாந்தின் விசாருத் அங்கதவானிச் எடுத்த சண்டை மீன் படங்களைத் தேடிப் பாருங்கள். செடியில்லை, கல்லில்லை. வெறும் பின்னணியில் விரிந்த துடுப்புகள் மட்டும். சுற்றியுள்ள வெற்றிடம் எவ்வளவு பேசுகிறது என்பது அங்கே புரியும். இறுக்கி வெட்டுவதுதான் இன்று பலரிடம் நான் காணும் பெரிய குறை.

இறுக்கினால் தெளிவும் குறையும். 2 கோடியே 40 லட்சம் பிக்சல் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கினால் மிஞ்சுவது 60 லட்சம். கைப்பேசியில் பார்க்க அது தாராளம். இன்னொரு முறை பாதியாக்கினால் 15 லட்சம்தான். செதில்கள் மங்கத் தொடங்கும்.

தொட்டி விளக்கின் நீலச் சாயலை நீக்குங்கள், தண்ணீரில் மிதக்கும் தூசியைத் துடையுங்கள். நிறத்தை மட்டும் ஏற்றாதீர்கள். படத்தைப் பார்த்தே மீன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிறிய மீனைச் செக்கச்செவேலென்று காட்டுவது அவர்களை ஏமாற்றுவதாகும்.

எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். அசல் படம் அப்படியே இருக்கட்டும்.